முயல்காரரின் பின்வளவில் ஒரு குழி

“மரக்குத்திகளால் ஆன பழைய குடில் ஒன்று, நிலை மோசம். பின்புறம் நிலவறை ஒன்று, பயன்பாட்டில் இல்லை.”

நண்பர் யோகன் காணி வாங்குவதற்கு முன்பு கட்டடப் பரிசோதகர் கொடுத்த அறிக்கையின் இரண்டு வரிகள் இவை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். முதல் வரியில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இரண்டாவது வரியைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை யோகனின் மனைவி வசந்தி காரைவிட்டு இறங்கவில்லை. இலையுதிர்காலம் முடியும் நேரம். கார்க் கண்ணாடிகள் உட்புறம் மூச்சால் மங்கியிருந்தன. அவர் இருக்கைப் பட்டியைக்கூடக் கழற்றவில்லை. வரும் வழியில் ‘த பேசின்’ என்ற ஊரின் பிள்ளையார் கோயிலில் வாங்கிய மோதகம் மடியில் கடதாசித் தட்டோடு இருந்தது.

யோகன் கதவுப் பக்கம் குனிந்து நின்றார்.

“இறங்குமன் வசந்தி. குளிருக்குள்ள என்னத்துக்கு இருக்கிறீர்?”

“நான் இஞ்சயே இருக்கிறன். நீங்கள் போய் உங்கட வைன் வைக்கிற இடத்தை அளவுங்கோ.”

“திங்கக்கிழமை லொறி வருது. மண்ணைக் கொட்டி மூடினா முடிஞ்சுது. பிறகென்ன?”

“மூடினாப் பிறகு சொல்லுங்கோ. அப்ப இறங்கிறன்.”

யோகன் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைப் பார்த்தேன்.

நிலைமை இதுதான். மெல்பேர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டை அவர்கள் விற்றுவிட்டார்கள். மேல் யாராப் பக்கம், மலைக்காட்டின் ஓரத்தில் ஒரு காணி வாங்கி, அங்கே வீடு கட்டி, ஓய்வுக் காலத்தைக் கழிப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தார்கள். இப்போது வசந்தி ஒரே நிபந்தனை வைத்திருந்தார். அறிக்கை ‘நிலவறை’ என்று சொன்ன அந்தக் குழி மூடப்பட வேண்டும். மூடாவிட்டால் அந்தக் காணியில் ஓர் இரவுகூடத் தங்கமாட்டார்.

மூடக்கூடாது என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கிரஹாம். அந்த வட்டாரத்தின் பழைய செய்திகளைச் சேர்க்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சட்டப்படி அவருக்கு எந்த உரிமையும் இல்லை. மூடுவதற்கு முன்பு ஒரு தடவை அளந்து வரைந்துகொள்கிறேன் என்று மட்டும் கேட்டார். அதற்காகத்தான் நாங்கள் போயிருந்தோம்.

குத்தி அடுக்கிய வீடு

அங்கே குடியிருந்தவர் முயல் பிடித்து வாழ்ந்தவர். அவருடைய பெயர் என்னிடம் இருக்கிறது. உறவினர் யாராவது இருக்கலாம் என்பதால் இங்கே எழுதவில்லை. ஊரில் அவரை ‘முயல்காரர்’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். இரும்புப் பொறி வைத்து முயல் பிடிப்பார். இறைச்சியை, காட்டு மரம் அறுக்கும் மரவாடிகளின் தொழிலாளருக்கு விற்பார். தோலைக் காயவைத்துத் தொப்பி செய்பவர்களுக்கு அனுப்புவார். மனைவி, பிள்ளைகள் இல்லை. தனியாக வாழ்ந்து தனியாக இறந்தார் என்பது கிரஹாம் சேர்த்த குறிப்பு.

பள்ளிக்கூடக் காலத்தில் அமெரிக்க எல்லைப்புறத்து வேட்டைக்காரர்களின் கதைகளை நான் விழுந்து விழுந்து வாசித்தவன். பொறி வைப்பவன், தோல் தொப்பி, பனிக்குள் ஒரு மரக்குத்தி வீடு. அந்தப் புத்தகப் படங்களில் பார்த்த வீட்டை அறுபது வயதுக்குப் பிறகு மெல்பேர்னிலிருந்து காரில் போய்ப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட வீடு அரிது. இங்குள்ள யூகலிப்டஸ் மரம் பாரம் கூடியது. ஆனால் ஆப்பு வைத்து அடித்தால் நேராகப் பிளக்கும். ஆகவே பழைய குடியேறிகள் மரத்தைப் பிளந்து, பலகைகளை நிமிர்த்தி நட்டுத்தான் சுவர் எழுப்பினார்கள். முயல்காரர் அப்படிச் செய்யவில்லை. முழுக்குத்திகளைப் படுக்கவைத்து, முனைகளில் வெட்டுவைத்து, ஒன்றோடொன்று பூட்டி அடுக்கியிருக்கிறார். இடைவெளிகளில் களிமண். ஒரு பக்கத்தில் தகரத்தால் அடித்த புகைபோக்கி. அவர் அமெரிக்கா போய் வந்தவரா, அல்லது என்னைப்போல் படம் பார்த்தவரா என்பது தெரியாது.

உள்ளே கூரைச் சட்டங்களில் ஆணிகள் இருந்தன. வளைத்த கம்பிகள் சில இன்னும் தொங்கின. தோலை விரித்துக் காயவைக்கும் கம்பிகள். குளிர் உள்ளே வராமலிருக்க மாக்கூழ் பூசிச் சுவரில் செய்தித்தாள்களை ஒட்டியிருந்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. செய்தித்தாள் என்றால் திகதி இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்தேன். சவர்க்கார விளம்பரம் இருந்தது. குதிரைப் பந்தய முடிவு இருந்தது. ஒரு கலியாணச் செய்தி இருந்தது. ஒவ்வொரு தாளிலும் திகதி இருக்கும் மேல் விளிம்பை எலி தின்றிருந்தது.

“மச்சான், உனக்கெண்டே பாத்துத் திண்டிருக்குது,” என்றார் யோகன்.

முன்பு வந்தவர்களும் பின்பு வந்தவர்களும்

குழியை முதலில் கண்டவர் யோகன்; அந்தச் சனிக்கிழமைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, நாங்கள் மூவரும் முதல் தடவை காணிக்குப் போனபோது. குடிலுக்குப் பின்னால் நிலம் மேடாக எழும்புகிறது. அந்த மேட்டுக்குள் பக்கவாட்டாக வெட்டிய ஒரு வாசல். பன்னச் செடிகள் மறைத்துக்கொண்டிருந்தன. விலக்கினால் கீழே இறங்கும் மண் படிகள்; மேலே குறுக்காக அடுக்கிய குத்திகள்; குத்திகளுக்கு மேல் மண்; மண்ணுக்கு மேல் புல்.

அறிக்கையில் ‘நிலவறை’ என்று இருந்ததால் யோகனுக்கு ஐயமே வரவில்லை. உருளைக்கிழங்கு வைத்திருப்பார்கள், இறைச்சி உப்புப் போட்டு வைத்திருப்பார்கள் என்றார். தான் வைன் வைக்கப் போவதாகவும் சொன்னார். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

வசந்தி இரண்டு படி இறங்கினார். உள்ளே போகும் வழி நேராகப் போகாமல் சட்டென்று வலது பக்கம் திரும்புவதைக் கண்டார். அந்தத் திருப்பத்தின் மண்சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஏறி வந்து, யாரையும் பார்க்காமல் காருக்குள் போய் இருந்துவிட்டார்.

“என்னப்பா?” என்று யோகன் பின்னால் ஓடினார்.

“உது பங்கர்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? இஞ்ச ஆர் குண்டு போட்டது?”

“ஆர் போட்டதெண்டு எனக்குத் தெரியாது. உது பங்கர்.”

யோகனும் நானும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். யோகன் படிக்க வந்தவர். நான் வேலைக்கு வந்தவன். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில், குண்டுவீச்சுக்கு ஒதுங்க வீட்டு வளவில் வெட்டும் பங்கர் கிடையாது. வசந்தி தொண்ணூறுகளின் நடுவில் கலியாணம் முடித்து வந்தவர். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூட வீதி. ஆனாலும் அந்த இடைப்பட்ட போர் வருடங்களைப் பற்றிக் கதை வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்க மட்டும்தான் முடியும். மெல்பேர்னில் பல வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இந்த வருடங்கள் கிடக்கின்றன. கேள்வி கேட்டால் பதில் வரும். பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்தத் தொடருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, அதற்கடுத்த வாரம் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் வைத்து வசந்தியிடம் கேட்டேன்.

தண்டவாளக் கட்டைகள்

வசந்தியின் பெற்றோர் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. போரால் ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த கட்டைகளைச் சனங்கள் கிளப்பிக்கொண்டு போனார்கள். வசந்தியின் தகப்பனும் சைக்கிளில் கட்டி இழுத்து வந்தார். கட்டைகள் கூரைக்குப் போதவில்லை, மீதிக்குப் பனங்குத்தி. அதற்கு மேல் மண். மண்ணுக்கு மேல் தாய் பயற்றங்கொடி போட்டிருந்தார்.

“மண் எவ்வளவு மேல கிடக்கோ அவ்வளவு நல்லது அண்ணை. அதாலதான் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கடகத்தில அள்ளிப் போடுவார்.”

“வழி ஏன் வளைவா இருந்தது?”

“நேரா இருந்தா வெளியில விழுறது உள்ளுக்கு வந்திடுமல்லோ. சிதறல் வளையாது. ஆனா ஆக்கள் வளைஞ்சு போகலாம்.”

வெட்டினது யார் என்று கேட்டேன். தகப்பனும் தானும் என்றார். தம்பிமார் இருவரும் அப்போது சிறுவர்கள். மூத்தவளான இவருக்கு மண்வெட்டி பிடிக்கும் வயது.

பாம்பைப் பற்றி அவரே சொன்னார். மழைக்காலத்தில் பங்கருக்குள் பாம்பு வரும். இறங்கும் முன் தடியை விட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒருநாள் மாலை விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடியபோது தடி எடுக்க நேரமில்லை. தாய்க்குக் காலில் கடித்தது. வெளியே வரக்கூடிய நிலை இல்லை. சத்தம் ஓய்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

“குண்டில செத்தவையின்ர கணக்கில அம்மா இல்லை,” என்றார். அடுப்பைக் குறைத்துவிட்டு, “தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ அண்ணை?” என்று கேட்டார்.

யோகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமி பாம்பு கடித்து இறந்தார் என்பது அவருக்குத் தெரியும். எங்கே வைத்துக் கடித்தது என்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாளே மண் லொறிக்குச் சொல்லிவிட்டார்.

கீழேயிருந்து வந்த அளவு

இதற்கிடையில் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வாசித்தேன். விக்டோரியா மலைக்காடுகளில் முன்பு நிறைய மரவாடிகள் இருந்தன. தொழிலாளர்கள் குடும்பத்தோடு காட்டுக்குள்ளேயே குடியிருந்தார்கள். காட்டுத்தீ வந்தால் ஓட வழி இல்லை. அதனால் சில இடங்களில் மண்ணுக்குள் குழி வெட்டி, குத்தி பரப்பி, மண் மூடி, வாசலில் ஈரக் கம்பளி தொங்கவிட்டு, தீ கடந்துபோகும்வரை அதற்குள் இருந்தார்கள். சில குழிகள் உயிரைக் காத்தன. சில காக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காணிக்குப் போய்ச் சேர்ந்ததும், வசந்தி காருக்குள் இருக்க, இதைக் கிரஹாமிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. மரவாடிகளில் அப்படிக் குழிகள் இருந்தது உண்மைதான், இந்த மேட்டுக்கு அப்பால் ஒரு மரவாடி இருந்ததும் உண்மைதான், ஆனால் தனி ஆளான ஒரு முயல்காரருக்கு இவ்வளவு பெரிய குழி எதற்கு என்று கேட்டார். இறைச்சி வைக்கும் நிலவறை என்பதுதான் பொருத்தம் என்றார்.

நல்ல கேள்வி. அதையும் குறித்துக்கொண்டேன்.

கிரஹாம் நீண்ட தடி ஒன்றால் வாசலைத் தட்டினார், படிகளைத் தட்டினார், உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் வாசலில் நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி, அவர் கத்தும் அளவுகளை எழுதினேன். யோகன் காருக்கும் குழிக்கும் நடுவில் நின்று, கீழே நடப்பதை மனைவிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கார்க் கதவு திறந்துதான் இருந்தது.

“உள்ளுக்கு நிண்டு நிமிரலாமாம்!”

வசந்தி மடியிலிருந்த தட்டை நேராக்கினார்.

“இறைச்சி கொழுவின கொளுக்கி ஒண்டையும் காணேல்லையாம்!”

யோகன் மறுபடி குழிப் பக்கம் காது கொடுத்தார்.

“மூலையில மண்சுவரில தாழ்வா ஒரு தட்டு வெட்டிக் கிடக்காம். பெட்டி வைக்கிறதுக்கு எண்டு சொல்லுறார்!”

“எந்த மூலை?”

குரல் காருக்குள்ளிருந்து வந்தது. யோகன் என்னிடம் கேட்டார். நான் கிரஹாமிடம் கேட்டேன். வாசலுக்கு எட்டத்தில், கடைசி மூலை.

“எவ்வளவு உயரம்?”

முழங்காலுக்கும் கீழே என்று கிரஹாம் சொன்னார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சுவர் நீளத்துக்கு, ஆட்கள் உட்காரும் சாதாரண வாங்கு உயரத்தில் இருக்கிறது என்றும் சொன்னார்.

இருக்கைப் பட்டி கழன்று உள்ளே சுருளும் சத்தம் கேட்டது. வசந்தி மோதகத் தட்டை யோகனின் கையில் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“தடி விட்டுப் பாத்தவரோ?”

“பாத்தவர்.”

“எல்லா மூலையுமோ?”

“ஓம், எல்லா மூலையும்.”

அவர் திருப்தியடையவில்லை. தடியை வாங்கித் தானே படிப்படியாகத் தட்டிக்கொண்டு இறங்கினார். திருப்பத்தின் இரண்டு பக்கமும் தட்டினார். பிறகு மறைந்துவிட்டார். யோகன் தட்டோடு அசையாமல் நின்றார். நான் வாசலுக்குள் தலையை நீட்டினேன். ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த வாசனை.

கிரஹாமின் விளக்கு வெளிச்சத்தில் வசந்தி அந்தத் தாழ்ந்த தட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் நாடியை முட்டின.

“அண்ணை, இவருக்குச் சொல்லுங்கோ. இது பெட்டி வைக்கிறதுக்கில்லை. பெட்டிக்கெண்டா ஏன் முன் விளிம்பை உருட்டி வெட்ட வேணும்? பிள்ளையளின்ர கால் உரசாமல் இருக்கத்தான் இப்பிடி வெட்டுறது. தம்பியவைக்கு நான் வெட்டினனான். வாசலுக்குக் கிட்டப் பெரியாக்கள், கடைசி மூலையில சின்னாக்கள்.”

அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். மருந்தகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். ஆனாலும் அந்தக் குழிக்குள் அவர் தமிழில்தான் பேசினார். நான் கிரஹாமுக்கு மொழிபெயர்த்தேன்.

கிரஹாம் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். நீர் வழிந்தும் இப்படி உருளலாம் என்றார். பிறகு, மேட்டுக்கு அப்பால் இருந்த மரவாடியில் குடும்பங்கள் இருந்தன, ஒரு சிறு பள்ளிக்கூடமும் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். இதைப் பல வருடமாகவே அவர் அறிந்திருந்தார். குழியோடு சேர்த்து யோசித்ததில்லை.

“தனிய இருந்த மனுசனெல்லோ,” என்றார் வசந்தி. “தனக்கு மட்டும் எண்டா இந்த மூலை தேவையில்லை.”

அவர் எழும்பினார். வெளியே வந்து மேட்டைச் சுற்றி ஏறி, குழியின் கூரையாக இருந்த புல்தரையில் நின்றார். குதிக்காலால் அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் புல் விலகிக் குத்தியின் முதுகு தெரிந்தது.

யோகன் கீழே நின்று தயங்கிக் கேட்டார். “அப்ப லொறியை நிப்பாட்டவோ?”

“ஏன் நிப்பாட்டுறீங்கள்? மண் வரட்டும்.”

“மூடத்தானே சொன்னனீர்?”

“உள்ளுக்குப் போட வேண்டாம். மேல போடச் சொல்லுங்கோ. கூரைக்கு இந்த மண் காணாது.”

யோகன் கையிலிருந்த தட்டில் மோதகம் ஒன்றை எடுத்துக் கிரஹாமிடம் நீட்டினார். கிரஹாம் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மண் விழுந்த பிறகு

திங்கட்கிழமை லொறி வந்தது. ஓட்டுநருக்குக் கொஞ்சம் குழப்பம்; குழியை மூடச் சொல்லிவிட்டு மேட்டில் கொட்டச் சொல்கிறார்களே என்று கேட்டாராம். ஆனால் சக்கரத்தை மேட்டில் ஏற்றாமல், ஓரத்தில் கொட்டிவிட்டுப் போனார். யோகனும் வசந்தியும் சில வார இறுதிகள் வாளியால் அள்ளிப் பரப்பினார்கள். பரப்பும் முன் பொறியியலாளர் ஒருவர் வந்து கூரைக் குத்திகளைத் தட்டிப் பார்த்தார். இரண்டை மாற்றினார்கள்.

இன்றைய விதிகளின்படி அதைத் தீயிலிருந்து ஒதுங்கும் இடமாகப் பாவிக்க அனுமதி இல்லை. அப்படி ஓர் அறிவித்தலை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். தீ அபாய நாட்களில் அவர்கள் காலையிலேயே காரில் நகரத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் எங்கள் வீட்டுக்கு. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்து இரண்டு கோடை கடந்துவிட்டது. வசந்தி அந்தக் குழிக்குள் மறுபடி இறங்கவில்லை. இறங்கப் போவதும் இல்லை என்கிறார். கூரை மண்ணை மட்டும் மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கிறார்.

கிரஹாம் தன் வரைபடத்தில் ‘நிலவறை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, கேள்விக்குறி ஒன்று போட்டிருக்கிறார். அவரைப்போன்ற ஆளுக்கு அது பெரிய விட்டுக்கொடுப்பு.

சென்ற மாதம் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மரவாடியில் சிறுமியாக இருந்த ஒருவரின் மகளைக் கண்டுபிடித்திருக்கிறார். தாய் காலமாகிப் பல ஆண்டுகள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டின் கோடையில் இந்த மலைகளை எரித்த பெருந்தீயைப் பற்றித் தாய் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாராம். பள்ளிப் பிள்ளைகளை முயல்காரர் ஒரு குழிக்குள் விட்டார். உள்ளே இடம் போதாததால் அவர் வாசலில் நின்று கம்பளியை நனைத்துக்கொண்டே இருந்தார்.

எந்தக் குழி என்று மகளுக்குத் தெரியாது. முயல்காரர் அந்தத் தீக்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார் என்பதற்குப் பதிவு உண்டு. அவர் அன்று வாசலில் நின்றார் என்பதற்கு, இன்றுவரை, இந்த ஒரு வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லை.